யாரும் வராத வார்டு

இரவுப் பணி முடிந்து திரும்பும் காலைகளில் ஞானஜோதிக்கு உலகம் கொஞ்சம் தள்ளியே நிற்கும். ஜன்னலுக்கு வெளியே ஓடும் கருவேலங்காடு, அச்சகங்களின் வாசலில் அடுக்கிக் கிடக்கும் காகிதக் கட்டுகள், சைக்கிளில் பால் கேனோடு போகிறவர், எல்லாமே தண்ணீருக்கு அடியில் இருப்பவை போல அசையும்.

அன்றும் அப்படித்தான் இருந்தது. விருதுநகரில் பஸ் ஏறி, திருத்தங்கல் வருவதற்குள் கண் சொருகிவிட்டது. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அவளுடைய கனவு வந்துவிட்டுப் போயிருந்தது. வருஷக்கணக்காக வருகிற அதே கனவு. யாரிடமும் சொன்னதில்லை.

வீட்டில் சவரியப்பன் உப்புமா கிண்டிக்கொண்டிருந்தார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியும் மகனும் பேச்சை நிறுத்திய நாளிலிருந்து அடுப்படி அவர் கைக்கு வந்திருந்தது.

மகன் பிராங்க்ளின் சென்னையில் ஒரு பெயின்ட் கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தவன். அதை உதறிவிட்டு வந்து, தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேனாகச் சேர்ந்துவிட்டான். தீக்காய வார்டிலேயே நர்ஸாகப் பாதி ஆயுளைக் கழித்த ஞானஜோதியால் அதைத் தாங்க முடியவில்லை.

"ஊரார் பிள்ளைகளுக்குக் கட்டுப்போட்டது பத்தாதா? உனக்கும் நானே போடணுமா?" என்று கேட்டாள்.

"வந்தவகளுக்குக் கட்டுப்போட நீங்க இருக்கீக. வராம பாத்துக்கிட யாரு இருக்கா?" என்று அவன் திருப்பிக் கேட்டான்.

அந்த வேலையை விடும்வரை அவன் தட்டில் சோறு போட மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். சொன்னபடியே போடவும் இல்லை.

"போயிட்டானா?" என்றாள் இப்போது, செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"விடியும்போதே போயிட்டான். இன்னைக்கு லாரி வருதாம். லோடு ஏத்தணுமாம்."

ஞானஜோதி சுவரில் சாய்ந்தாள். "ராத்திரி ஒருத்தி வந்தா. எந்த ஊருன்னு சொல்ல அவளால முடியல. மூக்குத்தி மட்டும்தான் மூக்குத்தியா இருந்துச்சு."

சவரியப்பன் அடுப்பை அணைத்தார்.

"வண்டிய எடுங்க. தாயில்பட்டிக்குப் போவோம். அவன இன்னைக்குக் கையோட கூட்டிட்டு வந்துரணும்."

"ஒரு வாய் சாப்பிட்டுட்டு..."

"நீங்க சாப்பிட்டு வாங்க. நான் வண்டிகிட்ட நிக்கேன்."

அவரும் சாப்பிடவில்லை.

*

பொட்டல் காட்டில் யாரோ வெள்ளைப் பெட்டிகளை எறிந்துவிட்டுப் போனது போலக் கிடந்தன ஆலையின் அறைகள். ஒன்றுக்கொன்று எட்டத்தில். நடுநடுவே வேம்புகள். காற்றடித்தால் அலுமினியத் தூள் வெயிலில் எழுந்து மினுங்கும். அங்கே வேலை பார்க்கும் பெண்களின் முழங்கை வரை வெள்ளி பூசியிருக்கும்.

பிராங்க்ளின் காலையிலேயே எல்லோரையும் கூட்டி நிறுத்தியிருந்தான். சாப்பாட்டுக் கொட்டகையின் சுவரில் புதிதாக ஒரு தட்டி தொங்கியது. 'விபத்தில்லா சீசன், நமது இலக்கு.' அதன் கீழே, விபத்தில்லாத நாட்களைக் குறித்துவைக்க அவனே கலர் போட்டு வரைந்த ஒரு கட்டப்படம்.

"நாம எல்லாரும் ஒரு டீம். ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல உக்காரக் கூடாது. மரத்தடியில வச்சு மருந்து அடைக்கக் கூடாது. இது எனக்காக இல்ல, உங்களுக்காகச் சொல்றேன்."

பூச்சட்டி வாணத்துக்கு வெடிமருந்து அடைக்கும் பெண்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவள் சோலையம்மாள். அவள் தட்டியை முழுக்கப் படித்தாள்.

"படிச்சாச்சு சார். எழுத்து நல்லா இருக்கு. போகலாமா? வெயில் ஏறுது."

அவள் கேலி செய்யவில்லை. அதுதான் அவனை வருத்தியது. எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவர்களிடம் மெதுவாகச் செய்யுங்கள் என்று ஒருவன் வந்து சொல்கிறான். அவனும் நல்ல பையனாக இருக்கிறான். தலையாட்டிவிட்டுப் போவதைத் தவிர அவர்கள் வேறென்ன செய்வார்கள்? அவன் பார்க்கும்போது அறைக்குள் இருப்பார்கள். அவன் அந்தக் கோடிக்குப் போனால் மரத்தடிக்கு வந்துவிடுவார்கள். அறைக்குள் புழுக்கம். மரத்தடியில் காற்று, கூடவே பேச்சுத்துணை, வேலையும் ஓடும்.

அது அவனுக்கும் தெரிந்தே இருந்தது. என்ன சொன்னால் இவர்களுக்கு உள்ளே போய்ச் சேரும் என்பதுதான் தெரியவில்லை. தட்டியை ஒருமுறை நேராக்கிவிட்டு, பேக்கிங் பகுதியைப் பார்க்கக் கிளம்பினான்.

*

கேட்டில் காவலாளி ராக்கப்பன் ஞானஜோதியையும் சவரியப்பனையும் நிறுத்தினார். செல்போன்களை வாங்கிப் பெட்டியில் போட்டார். பிறகு ஞானஜோதியின் சேலையைப் பார்த்துத் தயங்கினார்.

"நைலக்ஸ் சேலைங்களே, உரசினா பொறி வந்துரும். இத உடுத்திக்கிட்டு உள்ள போக முடியாதுங்க. நூல் சேலைதான் உடுத்தணும்னு புது போர்மேன் சார் ஆர்டர்."

"அவன் என் மகன்தான்."

"அப்படியாங்க." ராக்கப்பன் இன்னும் பணிவானார். ஆனால் வழி விடவில்லை. "கேட்டை ஒட்டின இந்தக் கொட்டகையில உக்காருங்க. டீ வாரதுக்குள்ள சாரைக் கூப்பிட்டு விடுறேன்."

சவரியப்பன் வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பை மறைக்கிறார் என்று ஞானஜோதிக்குத் தெரிந்தது. அவளுக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. தூக்கம் கெட்ட உடம்புக்கு எதுவுமே முழுதாக வருவதில்லை.

கொட்டகை பெஞ்சில் உட்கார்ந்தபோது வேலிக்கு அப்பால் ஒரு வேம்பு தெரிந்தது. கீழே வட்டமாகப் பெண்கள். மடியருகே தட்டுகள். வெள்ளிக் கைகள் ஒன்றுபோல ஏறி இறங்கின. தூரத்திலிருந்து பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஏதோ பூக்கட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவள் வேண்டாம் என்று சொன்னாலும் மனசு ஒவ்வொருத்தியையும் கொண்டுபோய் ஒரு கட்டிலில் படுக்கவைத்தது. ஜன்னலோரக் கட்டில் இவளுக்கு. கதவோரம் அவளுக்கு. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

டீ வந்தது. கைகழுவிக்கொண்டு பெண்கள் கொட்டகைக்குள் வந்தார்கள். வந்தவர்களில் ஒருத்தி ஞானஜோதியின் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். சின்ன வயது. நெற்றியிலும் வெள்ளித் தீற்றல்.

"சிஸ்டர், என்னையத் தெரியுதா? யோகேஸ்வரி. எங்க அக்கா உங்க வார்டுல கிடந்தா. நான்தான் கூட இருந்தேன்."

"பச்சைப் பாவாடை போட்டுக்கிட்டு கட்டிலுக்கு அடியில படுத்துத் தூங்குவியே, நீயா?"

"ஆமா சிஸ்டர்."

"அக்கா எப்படி இருக்கா?"

"இருக்கா. வலது கை மடங்காது. பிள்ளைய இடது கையிலதான் தூக்குவா."

பெண்கள் பேச்சை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார்கள். யோகேஸ்வரி எல்லோருக்கும் சொன்னாள்: "பெரியாஸ்பத்திரி தீக்காய வார்டு சிஸ்டர்." போர்மேனுக்கு அம்மா என்பதை ராக்கப்பன் சொன்னார். சோலையம்மாள் ஒரு டீயைக் கொண்டுவந்து ஞானஜோதி கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"மகனப் பாக்க வந்தீகளா?"

"கூட்டிட்டுப் போக வந்தேன். இந்த வேலை வேண்டாம்னு."

அந்தக் கொட்டகையில் இருந்த எல்லோர் வீட்டிலும் யாரோ ஒருவர் என்றைக்காவது அதைச் சொல்லியிருப்பார்கள்.

"முகமே சரியில்லையே. தூங்கலையா?" என்றாள் சோலையம்மாள்.

"நைட் டூட்டி. பஸ்ல கொஞ்சம் கண்ணசந்தேன். ஒரு கனவு." ஞானஜோதி டீயைப் பார்த்தபடி நிறுத்தினாள். பிறகு, யாரிடமும் சொல்லாததை ஏன் இவர்களிடம் சொல்கிறோம் என்று தெரியாமலேயே சொல்லத் தொடங்கினாள்.

"என் வார்டுக்குள்ள போறேன். ஜன்னல் எல்லாம் திறந்து கிடக்கு. எங்க வார்டுல ஜன்னலத் திறக்கவே மாட்டோம், ஈ வந்துரும். கனவுல எல்லாம் திறந்து கிடக்கு. கட்டிலுக்கெல்லாம் வெள்ளை விரிப்பு, ஒரு சுருக்கம் இல்லாம. ஒருத்தரும் இல்ல. ஃபேன் மட்டும் சுத்துது. அந்த வாடை இல்ல. சோப்பு வாடைதான் இருக்கு. சின்ன சிஸ்டர் எல்லாம் உக்காந்து கடலை உரிக்குதுக. டாக்டர் ரவுண்ட்ஸ் வாராரு. ஒவ்வொரு கட்டிலாப் பாக்காரு, பேசாமப் போயிருறாரு."

"அப்புறம்?" என்றாள் யோகேஸ்வரி.

"எனக்குப் பதறும். எல்லாரும் எங்க போனாகன்னு. செத்துட்டாகளோன்னு. ஜன்னலுக்கு ஓடுவேன். கீழ ரோடு தெரியும். அதுல ஒரே கூட்டமா நடந்து வாராக. தூக்குச்சட்டியோட, கை வீசிக்கிட்டு, பேசிக்கிட்டு. வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போறவுக. நான் கூப்பிடுவேன். யாரும் நிமிந்து பாக்க மாட்டாக. அவுகளுக்கு எங்க வார்டு இருக்கதே தெரியாது. அம்புட்டுதான். முழிச்சிருவேன்."

சவரியப்பன் கேட்டுக்கொண்டே நின்றார். இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்திருந்தவளின் கனவை அவரும் இப்போதுதான் கேட்கிறார்.

சோலையம்மாள் மெதுவாகக் கேட்டாள்.

"அந்த ரோட்டுல நான் வாரேனா சிஸ்டர்?"

"முகம் தெரியாது தாயி. எட்டத்துல இருந்துதான் பாப்பேன்."

"அப்ப நான்தான் முன்னால வாரேன்னு வச்சுக்கோங்க. பச்சைக் கரைச் சேலை. என்னைய எட்டத்துல இருந்தே தெரியும், நான் சாய்ஞ்சு சாய்ஞ்சுதான் நடப்பேன்."

யாரோ சிரித்தார்கள். "நான் உனக்குப் பின்னால வாரேன்க்கா. நீ பேசுறதக் கேட்டுக்கிட்டே," என்றாள் இன்னொருத்தி.

"அம்புட்டுக் கட்டிலையும் சும்மா போட்டு வச்சு என்ன செய்வாக? பிரசவ வார்டா மாத்திரச் சொல்லுங்க சிஸ்டர்."

"மொட்டை மாடியில வத்தல் காயப்போடலாம். நல்ல வெயில் விழும்," என்றார் ராக்கப்பன், கேட்டை விட்டுவிட்டு உள்ளே வந்து.

"எங்க அக்காவும் வரணும் அந்த ரோட்டுல," என்றாள் யோகேஸ்வரி. "ரெண்டு கையும் வீசிக்கிட்டு."

அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

ஆளாளுக்கு அந்த ரோட்டில் ஓரிடம் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி வழியில் மல்லிகைப்பூ வாங்க நின்றாள். ஒருத்தி மகள் வயசுக்கு வந்த சேதியைச் சொல்லிக்கொண்டே நடந்தாள். ஞானஜோதி அவர்களை மாறி மாறிப் பார்த்தாள். கனவில் தெரியாத முகங்கள் எல்லாம் இப்போது தெரியத் தொடங்கியிருந்தன. சற்று முன்பு கட்டில்களில் கிடத்திய அதே பெண்களை அவள் மனசு ஒவ்வொருத்தியாக எழுப்பி ரோட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

பிராங்க்ளின் கொட்டகை வாசலில் வந்து நின்று எவ்வளவு நேரமாயிற்று என்று யாரும் கவனிக்கவில்லை.

"ம்மா," என்றான்.

ஞானஜோதி எழுந்தாள். "ஏலே, கிளம்பு. உன்னையக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்."

அவன் பதில் சொல்வதற்குள் சோலையம்மாள் சொன்னாள். "கூட்டிட்டுப் போங்க சிஸ்டர். உங்க பிள்ளை. ஆனா நாளைக்கு எங்கள மரத்தடியில இருந்து எந்திரிங்கன்னு சொல்ல யாரு வருவா?"

"அவன் சொன்னா நீங்க எந்திரிக்கவா செய்றீக?"

சோலையம்மாள் வேம்பைத் திரும்பிப் பார்த்தாள். தட்டுகள் அங்கேயே இருந்தன.

"இல்ல," என்றாள். "எந்திரிக்கல."

அவள் எழுந்து போனாள். மற்றவர்களும் போனார்கள். வேம்படித் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, சிந்தாமல், ஆளுக்கொரு அறைக்குக் கொண்டுபோனார்கள். உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்க, அறை வாசலில் பதித்திருந்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே நுழைந்தார்கள். ஓர் அறையில் ஐந்தாவதாக நுழையப் போன ஒருத்தியை யோகேஸ்வரி கையைப் பிடித்து அடுத்த அறைக்கு நடத்தினாள்.

பிராங்க்ளின் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"சாயங்காலம் வாரேன்மா. அப்பறம் பேசுவோம்," என்றான்.

"நான் இங்கனயே இருக்கேன்," என்றாள் ஞானஜோதி. அவளுக்கு அப்போது நடந்து போகத் தெம்பில்லை. பெஞ்சில் சவரியப்பனின் தோளில் சாய்ந்தாள். அடுத்த நிமிஷம் தூங்கிவிட்டாள்.

*

மத்தியானத்துக்கு மேல் லாரி வந்தது. கூடவே முதலாளி முத்துக்கிருஷ்ணனின் காரும் வந்தது. தன் அப்பா ஒற்றை அறையில் தொடங்கிய ஆலையை வளர்த்தவர். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் வடக்கே ஒரு வியாபாரிக்கு இன்று லோடு ஏறும் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

"மூணு ரூம் சரக்கு இன்னும் முடியலையா? காலையில என்ன செஞ்சாக?"

"மரத்தடி வேலைய நிறுத்தியாச்சு அண்ணாச்சி. கொஞ்சம் மெதுவாத்தான் வரும்."

முத்துக்கிருஷ்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது மேற்கே மலைப்பக்கம் கறுத்திருந்தது. காற்று திசை மாறி வீசியது. புழுதியும் வெள்ளித் தூளும் சேர்ந்து எழுந்து, கொஞ்ச நேரம் ஆலை முழுக்க நிலா காய்வது போல இருந்தது. பிறகு, எங்கோ தொலைவில், வானம் ஒருமுறை உருண்டது.

இடிச் சத்தம் கேட்டால் மருந்து அறைகளை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். சட்டம் அப்படி. ஆனால் சீசன் நேரத்தில் தலைக்கு மேல் வரும்வரை யாரும் எழ மாட்டார்கள். கையில் இருப்பதை முடித்துவிட்டுத்தான் வருவார்கள். போன வாரம் பிராங்க்ளின் மணி அடித்து ஓய்ந்துபோனான்.

"பொறு," என்றார் முத்துக்கிருஷ்ணன். "தூத்தல்கூட விழல. அது எங்கனயோ போற மேகம்."

பிராங்க்ளின் பொறுக்கவில்லை. மணிக் கயிற்றை நோக்கி நடந்தான்.

அவன் கை கயிற்றைத் தொடும் முன்பே ஓர் அறையின் கதவு வெளிப்பக்கமாகத் திறந்தது. சோலையம்மாள் வந்தாள். சாய்ந்து சாய்ந்து, அவசரமில்லாமல். பின்னாலேயே மூன்று பேர். அடுத்த அறை திறந்தது. அதற்கடுத்தது. கையில் இருந்ததை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, பொட்டலின் நாலா பக்கத்திலிருந்தும் பெண்கள் கொட்டகையைப் பார்த்து வந்தார்கள். யாரும் ஓடவில்லை. பேசிக்கொண்டே வந்தார்கள். யோகேஸ்வரி மட்டும் நடுவழியில் நின்று, கடைசி அறையைத் திரும்பிப் பார்த்து, "ஏ, வாங்கடி," என்று கூப்பிட்டாள்.

பிராங்க்ளின் கயிற்றைப் பிடித்தபடியே நின்றான். அடிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

இடிதாங்கி வைத்த கொட்டகைக்குள் எல்லோரும் நெருங்கி உட்கார்ந்தார்கள். சத்தத்தில் விழித்த ஞானஜோதிக்கு, சுற்றிலும் வெள்ளிக் கைகளோடு இத்தனை பெண்களைக் கண்டதும் கொஞ்ச நேரம் எதுவும் பிடிபடவில்லை. இன்னும் தூக்கத்தில்தான் இருக்கிறோம் என்று நினைத்தாள். சோலையம்மாள் அவள் காலடியில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "மணி அடிக்க முந்தியே நாங்களா எந்திரிச்சு வந்துட்டோம் சிஸ்டர்," என்றாள்.

மின்னல் பொட்டலை வெள்ளையாக அடித்துவிட்டுப் போனது. மழை இறங்கியது. ஒன்றும் நடக்கவில்லை. மழை பெய்தது, நின்றது. அறைகள் நனைந்து நின்றன. அவ்வளவுதான். ஆனால் லாரி பாதி லோடோடுதான் கிளம்பியது.

அது கேட்டைத் தாண்டிய பிறகு முத்துக்கிருஷ்ணன் பிராங்க்ளினிடம் கையை நீட்டினார்.

"மருந்து ரூம் சாவியக் கொடு தம்பி."

அவன் இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை எடுத்துக் கொடுத்தான். "நாளைக்கு..."

"நாளைக்கு நான் சொல்லி அனுப்புறேன். அதுவரைக்கும் வர வேண்டாம்."

பெண்களை ஊருக்குக் கொண்டுபோகும் வேன் உறுமிக்கொண்டு நின்றது. யாரும் ஏறவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தான். சோலையம்மாள் ஒரு காலைப் படியில் வைத்தவள், அதைக் கீழே இறக்கிக்கொண்டாள்.

ஞானஜோதி கொட்டகையிலிருந்து இறங்கி வந்தாள். ஈரத்தில் செருப்பு வழுக்கியது. சவரியப்பன் கையைப் பிடித்துக்கொள்ள வந்தார். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு நேரே முத்துக்கிருஷ்ணன் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, நான் இவனோட அம்மா, பெரியாஸ்பத்திரி தீக்காய வார்டு நர்ஸு. இவன வேலைய விட்டு நிறுத்திக் கூட்டிட்டுப் போகத்தான் காலையில வந்தேன்."

"கூட்டிட்டுப் போங்க சிஸ்டர். நல்லதுதான்."

"இல்ல. இவன் நாளைக்கு வேலைக்கு வருவான். நான் சோறு கட்டிக் கொடுத்து அனுப்புவேன்."

பிராங்க்ளின் நிமிர்ந்து பார்த்தான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

"இம்புட்டுப் பேரும் தானா எந்திரிச்சு வந்ததப் பாத்தீகள்ல. அப்படி எந்திரிச்சு வரமாட்டாகளான்னு எத்தனை வருசமா நான் ஏங்கிக் கிடந்தேன் தெரியுமா?"

முத்துக்கிருஷ்ணன் சாவிக் கொத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். வேனைச் சுற்றி நிற்கும் பெண்களைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. அதைவிடப் பாரமாக வேறெதுவோ இருந்தது.

"உங்களுக்கு ஒரு விசயம் தெரியாது சிஸ்டர்," என்றார் குரலைத் தாழ்த்தி. "இவனுக்கும் தெரியாது. இவுக யாருக்கும் நான் இன்னும் சொல்லல. கடன் கழுத்த நெரிக்குது, இந்த சீசன் லோடு முழுசாப் போகலைன்னா ஆலைய மூட வேண்டியதுதான். நாளைக்குக் காலையில இவன் வரட்டும். நீங்களும் கூட வாங்க. நூல் சேலை உடுத்திட்டு வாங்க, உள்ள ரூம்ல உக்காந்து பேசணும்."

சாவியைத் திருப்பிக் கொடுக்காமலேயே அவர் காரில் ஏறினார்.